அக்டோபர் 13-க்கு முன்னால் ஒவ்வொரு கணினியையும் திறந்து பார்ப்போம்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே 2025 அக்டோபரில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்தது. நம் ஊர்களில் ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், படிப்பகம், சங்க அலுவலகம், போட்டோ ஸ்டுடியோ என்று எங்கே நுழைந்தாலும் இந்த மூன்றும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீட்டிப்பு என்று ஒன்று இருப்பதே அந்தக் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களிடம் நாம் போயாக வேண்டும். உடனே போயாக வேண்டும்.

இப்போது அவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பது மூன்று பதில்கள். "பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறது விற்பனைக் கடை. "கிராக் போட்ட 11 இருக்கு, சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க" என்கிறார் சர்வீஸ் பண்ணுகிறவர். "ஒண்ணும் ஆகாதுப்பா, இத்தனை வருசம் ஓடலையா?" என்கிறார் வீட்டிலேயே கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த மாமா. மூன்று பேருமே அந்தக் கணினியைத் திறந்து பார்க்கவில்லை. அதில் என்ன பிராசஸர், என்ன வேலை நடக்கிறது, எந்தக் கோப்பு போனால் குடும்பம் அழும் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பை உடைப்பதுதான் நம் வேலை. மேம்படுத்துவதா, இருப்பதைக் காப்பதா, வேறு இயங்குதளத்துக்கு மாறுவதா என்ற முடிவு, கணினியைப் பார்த்து, வேலையைப் பார்த்து, சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்கப்பட வேண்டும்.

முதலில் "ஒண்ணும் ஆகாது" என்பதை எடுத்துக்கொள்வோம். அதுதான் மிக ஆபத்தானது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, மே 12 அன்று வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது. அந்த அப்டேட் போடாத கணினிகளை அதே ஓட்டை வழியாகப் பிடித்தது. எந்த இணைப்பையும் யாரும் திறக்கத் தேவை இருக்கவில்லை. ஒரு கணினியில் புகுந்தால் அதே நெட்வொர்க்கில் இருந்த அடுத்த கணினிக்குத் தானே தாவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனை நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. அன்று அதிகமாக அடிபட்டது விண்டோஸ் 7. அதற்கு அப்போது பாதுகாப்பு ஆதரவு இருந்தது, அப்டேட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, போடாமல் விட்டிருந்தார்கள். மருந்து இருந்தும் இவ்வளவு சேதம் என்றால், மருந்தே வராத ஒரு கணினியை என்ன நம்பிக்கையில் நெட்டில் விடுவது?

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வரும் என்பது உண்மைதான். எட்ஜ் பிரவுசரும் ஏறத்தாழ அதுவரை புதுப்பிக்கப்படும். அதை மறைக்க வேண்டாம், சொல்லுங்கள். ஆனால் அது தெரிந்த திருடனை அடையாளம் காட்டும் வேலை மட்டுமே செய்யும். இயங்குதளத்தின் அடித்தளத்தில் நாளைக்குக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அது அடைக்காது. இந்த வேறுபாடு புரிந்தவுடன் பலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம். மிரட்டத் தேவையில்லை. புரிய வைத்தால் போதும்.

அடுத்து "புதுசு வாங்குங்க". விண்டோஸ் 11 கேட்கும் நிபந்தனைகளால் உலகம் முழுவதும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. அந்தக் கணினிகளில் எத்தனையோ பழுதில்லாதவை. கீபோர்டு தேயாமல், திரை மங்காமல், நாளும் சம்பாதித்துக் கொடுப்பவை. கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை போட்ட ஒரு அக்கா, ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு தவணை கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் அது அநியாயம். அவர் தரப்பில் நிற்க ஆள் வேண்டும் தோழர்களே.

ஆனால் நிற்பதற்கு நமக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பரிசோதனையை விரிவாகச் சொல்கிறேன்.

பிராசஸர் எண்ணைப் பாருங்கள். இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் மேலே இருப்பவைதான் விண்டோஸ் 11-இன் பட்டியலில் உண்டு. ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் எட்டு, தேறும். ஐ5-7200 என்றால் ஏழு, தேறாது. ஐந்திலக்கமாக 10210 என்று இருந்தால் பத்தாம் தலைமுறை, தாராளமாகத் தேறும். ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து மேலே. நினைவகம் 4 ஜிபி, வட்டில் 64 ஜிபி என்பது காகிதக் கணக்கு. 4 ஜிபியில் 11-ஐ ஓட்டச் சொல்வது பாவம். 8 ஜிபி ஆக்க முடிகிற பலகையா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பழைய ஹார்ட்டிஸ்க் இருந்தால் ஒரு எஸ்எஸ்டி மாற்றிக் கொடுங்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் இதைவிடப் பெரிய உதவி அந்தக் கணினிக்குக் கிடையாது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உங்கள் கணினி தகுதியானதல்ல" என்று திரை சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பிராசஸர் தேறியும் கணினி மறுக்கப்படுகிறதென்றால், பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று தட்டுங்கள். "கிடைக்கவில்லை" என்று வந்தால் பயாஸுக்குள் போங்கள். இன்டெல் கணினியில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். ஒரு சுவிட்சைத் திருப்புவதுதான். அந்த ஒரு சுவிட்சு தெரியாமல் நல்ல லேப்டாப்பைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள். வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் ஜிபிடி ஆக்க வேண்டும். விண்டோஸிலேயே அதற்குக் கருவி இருக்கிறது, கோப்புகள் அழியாது. அழியாது என்றாலும் பேக்கப் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

பயாஸைத் தொடுவதற்கு முன்னால் இன்னொன்று. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் தொடுங்கள். டிபிஎம்மைத் திருப்பியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லை என்றால் பத்து வருடப் புகைப்படமும் போயே போச்சு. உதவ வந்தவர் கையால் அது நடக்கக் கூடாது.

கிராக் போட்ட 11 பற்றியும், நிபந்தனைகளைத் தாண்டிக் குதித்துப் போடும் 11 பற்றியும் கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட முடியும். கணினி ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. மிகப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட் ஆகவே ஆகாது. அடுத்தவர் பிழைப்பு நடக்கும் கணினியில் இதைச் செய்ய வேண்டாம். கிராக்கோ அதைவிட மோசம். யாரோ முகம் தெரியாதவர் திறந்து மூடிய இயங்குதளத்தில் பாங்க் பாஸ்வேர்டு அடிப்பது. பல கிராக்குகளில் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்தியிருப்பார்கள். அதைப் போட்டுக் கொடுக்கும் தம்பிகளிடமும் பேசுங்கள். திட்ட வேண்டாம், அவர்களும் நாள் கூலிக்கு உழைப்பவர்கள்தான். சுதந்திர மென்பொருளான லினக்ஸ் போட்டுக் கொடுத்தும் அதே கூலி வாங்கலாம், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லுங்கள்.

11-க்குத் தகுதியான கணினி என்றால், வேலை அதில் நடக்கிறது என்றால், 11-க்குப் போகச் சொல்லுங்கள். சுதந்திர மென்பொருளை நேசிக்கும் நம்மில் சிலருக்கு இதைச் சொல்ல நாக்கு எழாது என்பது தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணக்காளரின் மேசையில் டேலி இருக்கிறது, டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விரல்ரேகைக் கருவி இருக்கிறது. இவற்றின் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை நம்பி எழுதப்பட்டவை. அங்கே போய் லினக்ஸைத் திணித்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிட்டால், மறுநாள் காலையில் முதியோர் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கும் பாட்டி திரும்பிப் போவார். நம் கொள்கைக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. மேம்படுத்திய பிறகு பழையதற்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நாளுக்குள் எல்லா வேலையையும் ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். 11-க்குப் போனவர்களும் அத்தோடு விட்டுவிட முடியாது. 24எச்2 பதிப்பின் ஹோம், ப்ரோ இரண்டுக்கும் கெடு அதே 2026 அக்டோபர் 13. அடுத்த பதிப்புக்கு நகர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

உடனே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நீட்டிப்பைப் பதிந்து கொடுங்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லாமல் கிடைக்கும், அது வேண்டாமென்றால் 30 டாலர். கெடு முடிவதற்கு முன் எந்த நாளிலும் பதியலாம், விட்டுப்போன அப்டேட்டுகளும் சேர்ந்து வரும். தனிப்பட்ட அமைப்புகளை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குவது எனக்கு உவப்பானதல்ல. அதைச் சொல்லிவிட்டே பதிந்து கொடுங்கள். இந்த அவகாசம் முடிவெடுப்பதற்கான அவகாசம் என்று தேதியோடு மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

இனி நம் களத்துக்கு வருவோம். ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும், பிரவுசரும் எழுத்து வேலையும் படம் பார்ப்பதும்தான் பயன்பாடு என்றால், தயங்காதீர்கள். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிக் காட்டுங்கள். வட்டைத் தொடாமலே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா வருகிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முக்கியமாக, பிரிண்டர். கடைகளில் இன்னும் கேனன் எல்பிபி 2900 ஏராளமாக இருக்கிறது. அதை லினக்ஸில் பேச வைப்பது எளிதல்ல என்பது அனுபவப்பட்ட எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் அச்செடுத்துக் காட்டாமல் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியையும் ஃபார்மேட் அடிக்காதீர்கள். அச்சு வரவில்லையா, அந்தக் கடைக்கு வேறு வழி பார்ப்போம்.

டிடிபி கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். இருபது வருடத்துத் திருமணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், உள்ளூர்க் கவிஞரின் முழுத் தொகுப்பு எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கும். எழுத்துரு போனால் அந்தக் கோப்பு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், ஒரு வரி படிக்க முடியாது. ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள். கோப்புகளை எடுப்பதைவிட முதலில் அதை எடுங்கள். லிப்ரேஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பை ஓரளவு திறக்கும், ஆனால் அச்சுக்கு அனுப்பும் அளவுக்கு அதை நம்ப முடியாது. அப்படிப்பட்ட கணினியை நெட்டிலிருந்து பிரித்து, பழைய வேலைக்கென்று தனியாக வைத்துவிடலாம். புதிய வேலைக்குப் பக்கத்தில் இன்னொன்று. கேபிளைப் பிடுங்குவதும் ஒரு முடிவுதான், நல்ல முடிவு.

தட்டச்சுப் பள்ளியில் பழகிய கைகள் லினக்ஸைக் கண்டு முதலில் மிரள்வது தமிழ் விசைப்பலகையால்தான். ஐபஸ்ஸோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்று முறையும் வந்துவிடும். நிறுவியதும் நீங்கள் எழுந்து அவரை உட்கார வைத்து, அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் அடிக்கச் சொல்லுங்கள். அவர் விரல் ஓடுகிற வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பெரிய வாய்ப்பை நம் கண்ணெதிரே இழந்தோம். 2011-இல் தொடங்கி தமிழக அரசு ஐம்பது லட்சத்துக்கும் மேல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே அவற்றில் வந்தன. பிள்ளைகள் பலர் ஒரு வாரத்தில் பக்கத்துக் கடைக்குப் போய் லினக்ஸைத் துடைத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. அதே காலத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் சுதந்திர மென்பொருளிலேயே பாடம் நடத்தின, இன்றும் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிக்குப் போய்ப் பழுது பார்த்தார்கள். சுதந்திர மென்பொருளுக்கு வித்திட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது பேசியது பகிர்ந்துகொள்ளும் உரிமையைப் பற்றி. அந்த உரிமை ஒரு டியூஷன் சென்டரின் மூலையில் நிஜமாக வேண்டுமென்றால் அங்கே ஒரு மனிதர் நேரில் போயாக வேண்டும்.

அந்த மனிதர்கள் நாம்தான், தோழர்களே. வேறு யாரும் வரப்போவதில்லை. புதுக் கணினியை விற்க நினைப்பவர்களுக்குக் கடையும் விளம்பரமும் இருக்கின்றன. பழையதைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் லாபமில்லை.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொருவரும் உங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகரில் இருப்பவர்கள் ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கணினியைப் பார்க்கட்டும், இன்னொருவர் சொந்தக்காரரோடு பேசட்டும். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போங்கள், வாடிக்கையாளர் நிற்கும்போது திரையை மறைக்க வேண்டாம். பையில் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று, முழு வட்டையும் நகலெடுக்கும் குளோன்சில்லா ஏற்றியது ஒன்று, பேக்கப்புக்கு வெளி ஹார்ட்டிஸ்க், ஸ்க்ரூடிரைவர், ஒரு நோட்டு. நோட்டில் பிராசஸர், நினைவகம், பிரிண்டர், முக்கிய மென்பொருள், எடுத்த முடிவு, யார் எடுத்தார் என்று எழுதுங்கள். "யார் எடுத்தார்" என்ற கட்டத்தில் நம் பெயர் வரக் கூடாது.

நூலகத்திலும் சங்க அலுவலகத்திலும் அனுமதி வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவோம். லேப்டாப்போடு வரச்சொல்லி துண்டறிக்கை கொடுப்போம். கல்லூரித் தோழர்களே, உங்கள் விடுதியில் பயாஸ் திறக்கத் தெரிந்தவர்கள் ஏராளம், அவர்களை அழைத்து வாருங்கள். பெண் தோழர்கள் சுயஉதவிக் குழுக்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள முன்வர வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகங்கள் பல குடும்பங்களின் கடனையும் சேமிப்பையும் சுமக்கின்றன, அங்கே பேக்கப் முதல் நாளே எடுக்கப்பட வேண்டும்.

மாற்றிக் கொடுத்த கணினிக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி போங்கள். "எப்படி இருக்கு அண்ணே, பிரிண்ட் வருதா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். சரியாகவில்லை என்றால் பழையபடியே திருப்பிப் போட்டுக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன்னால் குளோன்சில்லாவால் முழு வட்டையும் நகலெடுத்து வைக்கச் சொல்வது அதற்குத்தான்.

முதல் சுற்றுக்கான தெருப் பட்டியலை இந்த வார இறுதிக்குள் குழுவுக்கு அனுப்புங்கள். பென்டிரைவ் இல்லாதவர்கள் சொல்லுங்கள், ஏற்றித் தருகிறோம். பயாஸ் வேலை பழக வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை ஒரு பழைய கணினியோடு வாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம். ஞாயிறு காலையில் கிளம்புகிறோம்.